அக்காவுக்குப் பின்னால் இருந்த நிறம்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வெளியே எங்கள் ஊர் பன்விலையின் மழை, நிற்கிற உத்தேசமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு கையாலும் போனை ஏந்திக்கொண்டு, குவைத்தில் வேலை செய்யும் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். வீடியோ கோல் என்றால் அம்மா போனை மூக்குக்குப் பக்கத்தில்தான் பிடிப்பாள். அந்தப் பக்கம் அக்காவுக்கு ஒரு நெற்றியும் ஒரு பொட்டும் மட்டும்தான் தெரியும். நான் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எங்கள் சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று குசினிப் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை, கறுப்புப் பிடி வைத்த வெள்ளை. ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. அலுத்துப்போய் நிமிர்ந்தேன்.

போனில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், எப்போதும் இருக்கிற அந்தக் குசினி அலமாரி, கபட் கதவுகள். மயில் கழுத்து நிறத்தில் கொஞ்சம் பாலை ஊற்றிக் கலக்கினால் எப்படி இருக்கும், அப்படி. நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரி மினுமினுப்பு.

இவ்வளவு நாளாக எங்கே தேடிக்கொண்டிருந்தேன், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறதே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என்னடா, தேள் கடிச்சிருச்சா என்று அம்மா கேட்டாள்.

அக்கா எப்போது பேசினாலும் அவள் வேலை செய்கிற வீட்டுக் குசினியில் நின்றுதான் பேசுவாள். அதனால் எங்களுக்கு அவள் முகமும் அந்த நிறமும் ஒன்றாகவே ஆகிவிட்டன. ஒருமுறை கண்டி டவுனில் ஒரு புடவைக் கடை வாசலில் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள் தொங்கிய ஒரு புடவையைக் காட்டி, பெரியவ பின்னாடி இருக்குமே, அந்தக் கலரு என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ‘அக்கா கலர்’ என்று பெயர்.

இந்தக் குசினி எதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அக்கா வீட்டு வேலைக்கென்று போனவள். அவள் அனுப்பியதில்தான் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து, பன்விலை பசாருக்குக் கீழே இந்தச் சரிவில் எங்களுக்கென்று ஒரு வீடு எழும்பியது. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்ததும் அதில்தான். இப்போது அவள் லீவில் வருகிறாள். அந்த வீட்டு மேடம், அக்கா திரும்பிப் போவதற்கும் சேர்த்தே டிக்கட் போட்டுவிட்டாள். ஆனால் அக்கா ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்லியிருந்தாள்: நல்ல குசினி ஒண்ணு இருந்தா பேங்க் ஆளுகளுக்கும் டியூஷன் சொல்லிக் குடுக்குற சேர்மாருக்கும் சோத்துப் பார்சல் போட்டே நான் பொழச்சுக்குவேன். அம்மா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். பென்ட்ரி போட்டுவிட்டால் மகள் திரும்பிப் போகமாட்டாள். எங்கள் வீட்டில் அப்போது யார் என்ன பேசினாலும் அதற்கு அடியில் ஓடியது இந்தக் கணக்குதான்.

பென்ட்ரி என்று நாங்கள் சொல்வது, குசினிச் சுவரை ஒட்டி மேலும் கீழும் வரிசையாகப் போடுகிற கபட்களை. கலரை மட்டும் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், அவன்தான் அதில் வேலை செய்கிறவன் என்று அக்காவே சொல்லிவிட்டாள். உண்மைதான். கண்டி டவுனில் ஒரு அச்சகத்தில் பேனர், கல்யாணக் காட் எல்லாம் வடிவமைப்பது என் வேலை. ஒரு சிவப்பைக் காட்டினால் அதில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அப்பா பிரவுண் கேட்டார். அழுக்குத் தெரியாது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே வேறொன்று இருந்தது. அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். இங்கே கட்சிக்கொரு நிறம். பச்சை போட்டால் அவனுகளோட சேர்ந்துட்டேன்னுவானுக, நீலம் போட்டால் இவனுகளோட, சிவப்பைப் பத்திப் பேசவே வேணாம், தெருவில் போகிறவனுக்கு நம்ம குசினி ஜன்னல் வழியா நல்லாத் தெரியும் என்றார். நான் அக்கா கலரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது என்னடா, ரெண்டு கட்சிக்கும் கூட்டணியா?”

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதோடு அவர் விட்டுவிட்டார். எந்த நிறம் என்று அக்காவுக்கு மட்டும் சொல்லக் கூடாது, வந்து பார்த்துத் திகைக்கட்டும் என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம்.

நிறத்தைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. என் போனில் அது பச்சைப் பக்கம் சாய்ந்தது. அம்மா போனில் நீலம். அச்சகத்துக் கணினியில் செத்த நிறம். திரைகளை நம்ப முடியாது என்பது என் தொழிலின் முதல் பாடம். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். நீ மெலிஞ்சிட்டியான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா, ஜன்னல் வெளிச்சத்துல கபட் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ அனுப்பு என்று அக்காவுக்கு எழுதினேன். கையில் ஒரு வெள்ளைக் கோப்பையையும் பிடித்துக்கொள், டீ குடிக்கிற மாதிரி அழகாக இருக்கும் என்றும் சேர்த்தேன். வெள்ளை ஒன்று படத்தில் இருந்தால் அதை வைத்து மற்ற நிறங்களைத் திருத்திவிடலாம். எப்படிப்பட்ட மூளை எனக்கு என்று நானே வியந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. கோப்பை இருந்தது, அக்கா இருந்தாள், கதவு தெளிவாக இருந்தது. சிரிப்புக் கொஞ்சம் அவசரச் சிரிப்பு. அதை நான் கவனித்தேன்தான். ஆனால் எனக்கு வேண்டியது கதவு.

பென்ட்ரி செய்கிற பாஸை, தச்சரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், முகநூலில்தான் பிடித்தேன். கண்டிக்கு அந்தப் பக்கம், கடுகண்ணாவையில் அவருக்குப் பட்டறை. இங்கே பக்கத்திலே வத்துகாமத்தில் தச்சனே இல்லையா என்று அப்பா முணுமுணுத்தார். இந்த பாஸ் கதவுகளுக்கு வாகனப் பெயின்டைத்தான் ஸ்ப்ரே அடிப்பார், கேட்ட நிறத்தைக் கேட்டபடி கலந்து வாங்கலாம் என்று விளக்கினேன். பஸ் மாறிப் பஸ் மாறிப் போனேன். எல்லாரும் வெள்ளையும் சாம்பலும்தானே எடுக்கிறார்கள், இந்த நிறம் எங்கேயிருந்து கிடைத்தது என்று பாஸ் சிங்களத்தில் கேட்டார். வெளிநாட்டில் எங்கள் அக்காவின் குசினி என்றேன். அப்படியென்றால் அக்கா பெரிய இடத்தில்தான் இருக்கிறாள் என்று மரியாதையாகத் தலையாட்டினார். நான் அதைத் திருத்தவில்லை. திருத்த வேண்டிய ஒன்றாக அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

அவர் கொடுத்த மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அக்காவோடு பேசும்போது, கமராவில் விழாதபடி துண்டைப் போனின் விளிம்போடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். துண்டு எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னம்மா சிரிக்கிறீங்க என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பொருத்தி முடித்த அன்று அக்கம்பக்கம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மா அதில் ஒரு தண்ணீர்கூடக் கொதிக்க வைக்கவில்லை. பெரியவள் கையால் பால் காய்ச்சின பிறகுதான் எதுவும் என்று, வெளியே இருந்த விறகு அடுப்பிலேயே சமைத்தாள்.

அக்கா வந்தாள். ஏர்போட்டிலிருந்து வந்த வான் வண்டியிலிருந்து இறங்கி அழுது சிரித்து முடிந்ததும், நான் பின்னால் போய் அவள் கண்ணைப் பொத்தி, முன்னறை வழியாக நடத்திக்கொண்டுபோய்க் குசினி நடுவில் நிறுத்திக் கையை எடுத்தேன்.

அவள் கத்துவாள், என்னை அடிப்பாள், அம்மாவைக் கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய வலது கை மெதுவாகத் தலைக்குப் போனது. அங்கே இல்லாத முக்காட்டைச் சரிசெய்தது. பிறகு, நல்லாருக்கு என்றாள். பயணக் களைப்பு என்று அம்மா சொன்னாள். நானும் அதையே நம்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் பால் காய்ச்சினோம். புது அடுப்பு, புதுச் சட்டி, சட்டியின் கழுத்தில் மஞ்சள் கொத்து. அப்பா புது வேட்டியில் நின்றார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் வந்திருந்தாள். பால் பொங்கி வழிய வேண்டும், எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தானே எல்லாரும் கூடியிருக்கிறோம். பால் மெல்ல ஏறியது. பாலாடை கிழிந்தது. விளிம்புக்கு வந்தது. அக்காவின் கை சட்டென்று நீண்டு கேஸை அணைத்தது.

பால் அப்படியே உள்ளே இறங்கிப்போனது.

அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பால் பொங்குகிற நேரத்தில் யாராவது அடுப்பை அணைப்பார்களா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. அக்காவின் இன்னொரு கையில் எங்கிருந்தோ ஒரு துணி வந்திருந்தது. அதைப் பார்த்து அவளே எங்களைவிட அதிகமாகத் திடுக்கிட்டாள். பழக்கத்துல செஞ்சிட்டேம்மா என்றாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சிங்களத்தில் அவசரமாகச் சொன்னாள். அம்மா மறுபடி பற்ற வைத்தாள். இந்த முறை அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கியது, அடுப்பில் வழிந்தது, கீழே கபட் கதவில் ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியது. பொங்கிருச்சு என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அக்கா தரையில் மண்டியிட்டு அந்தக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு அவளைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கதவைத் திறக்கும்போது சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு திறந்தாள், விரல் படாதபடி. அப்பா புளி பட்ட கையோடு ஒரு கதவைத் தொட்டால், அவர் அந்தப் பக்கம் போனதும் துணியோடு வந்தாள். நாங்கள் குசினி மேசையில் சாப்பிட்டோம். அவள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். காற்றோட்டமாக இருக்கிறதாம். பார்சல் வியாபாரத்தைப் பற்றி அம்மா பேச்சை எடுத்தால், பார்ப்போம் என்பாள். அவளுடைய போனுக்குக் குவைத்திலிருந்து குரல் செய்திகள் வந்துகொண்டிருந்தன. எப்போது வருகிறாய் என்று மேடம் கேட்கிறாளாம்.

ஒரு பின்னேரம் அம்மா முன்னறையில் இருந்து, கொஞ்சம் தண்ணி கொண்டுவாடி என்று சத்தம் கொடுத்தாள். குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது, அரபியில். ஓடி வந்த காலடியும் வந்தது. அக்கா தண்ணீரை ஒரு தட்டில் வைத்து, தலையைக் குனிந்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் எதிரே இருப்பது அம்மா என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா அந்தக் கிளாஸை வாங்கவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் அக்காவின் பின்னாலேயே போனேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். இந்தக் கலரை எங்கே பிடித்தாய் என்று அவள் கேட்டாள்.

“ஒன்னோட போட்டோலதான். கோப்பையோட நின்னியே, அது.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நல்ல சிரிப்பு இல்லை அது, நிறுத்த முடியாத சிரிப்பு.

“அந்தக் கோப்பையில நாங்க குடிக்கக் கூடாதுடா. மேடம் குளிக்கப் போற நேரம் பாத்து, ரெண்டு நாள் காத்திருந்து எடுத்தேன். அம்மா கேட்டான்னு சொன்னியேன்னு.”

நிறம் பார்க்கத்தான் கேட்டேன் என்றேன். ஒனக்கு ரொம்பப் பிடிச்ச கலர்னு நெனச்சோம், எப்பவும் அதுக்கு முன்னாடி நின்னுதானே பேசுவ என்றேன்.

“எனக்குன்னு அங்க வேற எடம் எது? பகலெல்லாம் அதத்தான் தொடைச்சேன். ஒரு விரல் அடையாளம் தெரியக் கூடாது. ஒங்ககூடப் பேசுற நேரம் மட்டுமாச்சும் அதப் பாக்காம இருக்கணும்னுதான் முதுகக் காட்டி நின்னேன்.”

நாங்கள் அவளைப் பார்த்தோம், பின்னால் அது தெரிந்தது. அவள் எங்களைப் பார்த்தாள், பின்னால் அது மறைந்தது. இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு நாள், அத்தனை வெள்ளிக்கிழமையும், ஒரே கோலின் இரண்டு முனையில் இருந்துகொண்டு, இது எனக்குத் தோன்றவே இல்லை. மாதிரித் துண்டைப் போனோடு ஒட்டிப் பிடித்து நானும் அம்மாவும் சிரித்தது ஞாபகம் வந்தது.

மேடம் மோசமானவள் இல்லை என்று அக்கா சொன்னாள். அடித்ததில்லை, சம்பளத்தைப் பிடித்ததில்லை. ஆனால் அந்தக் குசினியில் அக்கா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லையாம். இங்கேயும் உள்ளே போனால் கால் தானாக நிற்கிறது, கை தானாகத் துணியைத் தேடுகிறது. நீ நல்லாத்தான் செஞ்சிருக்க, அச்சு அசல் என்று என்னைத் தேற்றுவதுபோல முதுகில் தட்டினாள். அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பப் போறியாக்கா என்று கேட்டேன்.

“அங்கயும் இதத் தொடைக்கணும், இங்கயும் இதத் தொடைக்கணும்னா, அங்க சம்பளமாச்சும் குடுப்பாங்கடா.”

நான் எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அடுப்புக்குக் கீழே இருந்த கதவில் ஆரம்பித்தேன். முதல் கீல் கழன்று கதவு சாய்ந்த சத்தத்துக்கு அம்மா ஓடிவந்தாள். புதுக் கதவைக் கழட்டுறியே, ஒனக்குப் பைத்தியமா என்று கையைப் பிடித்தாள். நான் ஒரு வரியில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அங்கிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், மேல் வரிசை, கீழ் வரிசை. பிறகு என் கையை விட்டாள். சாய்ந்த கதவை அவளே தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா வந்து வாசலில் நின்று, நான் அப்பவே பிரவுண் சொன்னேன் என்றார். சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல் வரிசைக்கு ஸ்டூல் போட்டார்.

கதவில்லாத பென்ட்ரியைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். பருப்பு டின், மிளகாய்த்தூள் போத்தல், அம்மா ஒளித்து வைத்த பழைய யோகட் சட்டிகள், எல்லாம் பல்லை இளித்துக்கொண்டு தெரிகின்றன. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் கதவைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டானா என்று கவலையோடு கேட்டாள். அக்கா இன்னும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆனால் நேற்று உருளைக்கிழங்கு வெட்டும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி வெளியே போனாள்.

கதவுகள் இப்போது என் அறைச் சுவரில், முகத்தைச் சுவருக்குக் காட்டிச் சாய்ந்து கிடக்கின்றன. வேறு நிறம் அடிக்கத்தான் வேண்டும். என்ன நிறம் என்று அக்காவிடம் கேட்டேன். தெரியல என்றாள். வாகனப் பெயின்ட் புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, எனக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு யாரும் கேட்டதே இல்லடா, அதான் வாயில வரமாட்டேங்குது என்று மூடி வைத்தாள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொன்னாள்: மினுங்கக் கூடாது. விரல் பட்டால் பட்டதாக இருக்க வேண்டும், காட்டிக்கொடுக்கக் கூடாது. அப்புறம் பசாருக்குப் போய்வந்த அன்று, செவ்விளநீர்க் குலையைக் காட்டி, இது எப்படி இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். குசினி முழுக்க அந்தச் செவ்விளநீர் ஆரஞ்சு நிறமா? எனக்குத் தலை சுற்றியது. என் தொழில் புத்தி வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

வத்துகாமத்தில் ஒரு கராஜில் பேசியிருக்கிறேன். மினுங்காத பெயின்டை மோட்டார் சைக்கிள் பொடியன்கள்தான் கேட்பார்கள், அதுவும் கறுப்பில், கபட் கதவுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் கராஜ்காரர். சரியாக வருமா என்று அவருக்கே தெரியாது. ஆகவே முதலில் ஒரே ஒரு கதவு, சிங்குக்குக் கீழே இருக்கிறதே, அது. அதைத் தேய்த்து, ஒரு பக்கம் செவ்விளநீர், ஒரு பக்கம் அப்பாவின் பிரவுண், நடுவில் அம்மா கடைசியில் வாய் திறந்து கேட்ட இளமஞ்சள் என்று அடித்துப் பார்க்கப் போகிறோம். மழை நாளில் பெயின்ட் சரியாகக் காயாதாம். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் நானும் அக்காவும் ஆட்டோவில் கதவை நடுவில் வைத்துக்கொண்டு போவோம். நிறத்துக்குப் போட்டோ எடுக்கப் போவதில்லை, ஒரு செவ்விளநீர்க் காயையே பையில் கொண்டுபோகிறோம். காய்ந்த பிறகு கதவைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டி, அக்கா எண்ணெய்க் கையால் திறந்து பார்க்கப் போகிறாள். அதுவரை மேடத்துக்குப் பதில் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.